மாத்தூருக்குப் போன கூடு

எர்ணாவூரில் எங்கள் வீட்டுத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒரு சிட்டுக்குருவி ஜோடி கூடு கட்டியிருந்தது. ஜெபம் சொல்லும்போது தலையில் வைக்கோல் விழும். என் வீட்டுக்காரர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்வார். பெருக்குகிறவள் நானாயிற்றே, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்போது மாத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். பிள்ளை இல்லாதவள். ஆலைப் புகையில் என் மகள் ஓயாமல் இருமுவதைக் கேட்டுவிட்டு, அவளைத் தன்னோடு அனுப்பச் சொன்னாள். உறவில் பிள்ளையை வளர்க்கக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. கொடுத்தவள் எப்படி இருந்தாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நாத்தனாருக்குத் தன் பேச்சுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. குருவி அகப்பட்டது. மாத்தூர்க் குருவிக்கு வாசலில் இறங்கினால் வயல், வயல் நிறையப் புழுவாம். ஊட்டி முடித்துவிட்டு வேலியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுமாம். கூடு நிறையக் குஞ்சாம். எங்கள் குருவியோ இரண்டே குஞ்சை வைத்துக்கொண்டு, ஒரு பச்சைப் புழுவுக்காக ரயில் பாதையைத் தாண்டி எங்கேயோ போய் வருகிறதாம்.

"உன் வூட்டுக் குருவியே மூச்சு வாங்கிகினு கீது, கொய்ந்த எப்பிடிடா பொயைக்கும்?" என்று தன் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

இரண்டோடு நிறுத்தியதற்கு அரசாங்கம் அந்தக் குருவிக்குச் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்ட பதக்கமே கொடுக்கலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவரைப் பொறுத்தவரை, உலகில் எந்தச் சிக்கலும் ஒரு பொருள் தப்பான இடத்தில் இருப்பதால் வருவது. தூக்கி வேறிடத்தில் வைத்தால் தீர்ந்தது. மறுநாள் நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, கூட்டைக் குஞ்சுகளோடு பிஸ்கட் டின்னில் வைத்து, அக்காளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாத்தூருக்குப் போய்விட்டார். குஞ்சுகள் அங்கே கொழுத்தால் மகளையும் அனுப்புவது என்று இருவரும் பேசிக்கொண்டார்களாம்.

மாத்தூரில் புழுவுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்த குருவிகள் தங்கள் குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டு, நாத்தனார் சொன்னபடியே வேலியில் உட்கார்ந்து பாடின. டின்னை ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பந்தி நடக்கிறது, இவற்றுக்கு இலை போட ஆளில்லை. நாத்தனார் சோற்றைக் குழைத்து ஊட்டப் பார்த்தாள். மறுநாள் காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன.

இங்கே தாய்க்குருவி புழுவோடு வந்துகொண்டே இருந்தது. படத்துக்குப் பின்னால் போகும், வெளியே வரும், மீட்டர் பெட்டியில் உட்காரும், புழுவைக் கீழே போடாமல் மறுபடியும் போகும். இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலி டின்னோடு திரும்பியவர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு, குருவி வேறு பிள்ளை வேறு என்று, மகளைக் கூட்டிப்போக நாத்தனார் புதுப் பாவாடையோடு வந்தாள். அவள் உட்காரும் முன்பே அவர் சொன்னார்:

"கொய்ந்த இங்கியே இருக்கட்டும்க்கா. மாத்தூர்ல எல்லாம் கீது. அதுக்கு ஊட்டி வுடறவ இங்கதான கீறா."

பாவாடையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான். மகள் அதைப் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டே என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.