தைத்து மூடிய பக்கங்கள்

வியாழக்கிழமை காலை சாமிக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டு, "சாந்தா போயிட்டா" என்றார். கட்டிய சரத்தைச் சாமிக்குச் சாத்துவதா, சாந்தாவுக்குக் கொண்டு போவதா என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

சாந்தாமணி என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று எங்களோடே இருந்தவர். அண்ணியான என்னை நங்கையா என்பார்; நான் அவரை அம்மிணி என்பேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பாலக்காட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்வந்தார். பிறர் கையெழுத்துப் போடும் கணக்கையெல்லாம் எழுதியவர் இவர். தானும் ஒருநாள் கையெழுத்துப் போட வேண்டுமென்று, நாற்பது வயதில் சி.ஏ. இடைநிலைத் தேர்வுக்கு மறுபடி உட்கார்ந்தார். வரிப் பாடம் மட்டும் அவரைத் தாண்ட விடவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவள். மீதியை நானே எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றேன். வீட்டுக் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தக் கர்வத்தில், புத்தகம் வாங்க அவரோடு பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன். பழைய புத்தகக் கடையில் தடித்த வரிப் புத்தகம் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. ஒரு கறை இல்லை. அவர் முதல் தாளில் வருடத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"இது மூணு வருசத்துக்கு முந்துன சட்டமுங்க நங்கையா. சி.ஏ. இன்ஸ்டிட்யூட் போடற புத்தகம் ஒண்ணே போதுமுங்க. நாலு வாங்குனா நாலையும் அரைகொறையாத்தான் படிப்பேன்."

"சட்டம் மாறுனா கூட்டல் கழித்தலுமா மாறிப்போகும்? எடுத்துக்கோ அம்மிணி" என்றேன்.

அவர் வேண்டாமென்றும் வாங்கினேன். மஞ்சள் குங்குமம் இட்டு, சரஸ்வதி படத்தின் முன் வைத்து எடுத்துக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததை எப்படி மறுப்பார்? கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பழைய விதி இருக்கற பக்கத்தை மட்டும் கிழிச்சுப் போடட்டுங்களா?" என்றார்.

"சரஸ்வதியைக் கிழிக்கறதா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

இரண்டு புத்தகத்தையும் பஸ்ஸில் மாறி மாறிப் படித்தார். தேர்வில் தோற்றார். "கணக்குப் போடறப்பப் பழைய விதி கையில வந்திருச்சுங்க. வெளிய வந்தப்புறந்தான் தெரிஞ்சுது" என்றார். உங்கள் புத்தகத்தால் என்று ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசியும் நூலும் கேட்டார். நான் கொடுத்த புத்தகத்தில் சட்டம் மாறிப்போன பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் தைத்து மூடினார்.

"ஏனம்மிணி, அதென்ன ஜாக்கெட்டா?"

"கிழிச்சாத்தானுங்க பாவம். வாயைத்தான் தைக்கறேன். உங்க வாயைத் தைக்க முடியல, இதையாச்சும் தைக்கலாமுன்னு."

அடுத்த முறை தேறினார். இறுதித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குமுன் நோய் வந்துவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரியில், கண்ணைத் திறக்கவும் சலித்துப்போய்க் கிடந்தவர், "இந்திரா கேட்டா என் புத்தகத்தைக் குடுங்க. வருசத்தைப் பார்த்துக் குடுங்க நங்கையா" என்றார்.

இந்திரா அவருடைய அலுவலகத்தில் வேலை செய்பவர்; இரண்டு பிள்ளைகளின் தாய்; அதே தேர்வை எழுதப் போகிறவர். நேற்று வந்தார். வீட்டில் தீட்டு. சாமி அறை சாத்தியிருக்கிறது. மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. இவ்வருடம் மாறிய விதிகளைப் புதுப் புத்தகத்தில் பார்த்து அவர் பக்க எண்ணைச் சொல்லச் சொல்ல, சாந்தாவின் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை நான் தைத்து மூடினேன். விரல் நொந்தது. சாந்தாவின் தையல் பொடிப்பொடியாக, நேராக இருந்தது. அதை ஒட்டி என்னுடையது கோணலாக ஓடியது. பிரித்துப் போடவில்லை. அப்படியே கொடுத்தனுப்பினேன்.

வருசத்தைப் பார்த்துத்தான் கொடுத்தேன், அம்மிணி. போய் வா.