கதிர் பிடித்த ராகியை உழுத காலை

அடுகோடியைத் தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து இடது பக்கம் உள்ளே போனால் அப்போது ஓர் ஏரி இருந்தது. அதன் கீழே மூன்று ஏக்கர் நிலத்தை என் அக்காவும் மாமாவும் வாரத்துக்குப் பயிர் செய்துவந்தார்கள். மேட்டில் இரண்டரை ஏக்கர் ராகி, ஏரித் தண்ணீர் பாயும் அரை ஏக்கரில் கீரை. மாமா என்றால் அக்காவின் கணவர். அவருடைய அப்பா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, கல்லும் புதருமாகக் கிடந்த அந்த இடத்தைத் திருத்தி நிலமாக்கியவர். நிலம், மன்னர் காலத்தில் இனாமாகப் பெற்ற ஓர் இனாம்தாருடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் எஜமானர். விளைந்ததில் பாதியை வண்டியில் ஏற்றி அவர் வீட்டு முற்றத்தில் இறக்க வேண்டும். இரண்டு தலைமுறையாக இறக்கினார்கள். ஒரு தடவைகூட அதற்கு யாரும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை.

நான் சிவாஜிநகரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். இங்கிலீஷில் மனு அடிப்பதுதான் என் வேலை. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான் என்பதால், காகிதம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று அக்கா நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஐம்பதுகளின் பிற்பாதியில், இனாம் நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது, உழுகிறவர்கள் மனு கொடுத்தால் அவர்கள் பெயருக்கே பதிவாகும் என்று சட்டம் வந்தது. அந்த மனுவை நானே அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எங்கள் வக்கீல் எழுதுவது போலவே பத்தி பத்தியாகப் பிரித்து, எண் போட்டு அடித்தேன். மாமா அதன் அடியில் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். தாலுகா ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது போல நாங்கள் காபி குடித்தோம்.

பத்து நாளில் எஜமானரின் ஏஜெண்ட் நிலத்துக்கு வந்தார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை. வரப்பில் குந்தி உட்கார்ந்து, மாமாவின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

"இந்தப் பக்கமெல்லாம் வீடு கட்ட சைட்டு போடப் போறாங்கப்பா. நீ எஜமானர்கிட்ட கூலிக்கு வேலை பாத்தேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடு. உன்னை அவர் கைவிடமாட்டாரு. வேற எடத்துல வேலை கொடுப்பாரு."

"கூலின்னா எனக்குக் கூலி கொடுத்தது யாருங்க?" என்றார் மாமா. "நான்தானே வருஷா வருஷம் வண்டி கட்டிக்கினு வந்து கொடுத்துட்டுப் போறேன்?"

ஏஜெண்ட் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லு" என்றார். மாமா யோசிக்கவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். அக்கா ஊரிலிருந்து சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுவரும் ஒரு பெண் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தாள். கூடையைக்கூடக் கீழே வைக்காமல் தலையில் சுமந்தபடியே நின்றாள். "உங்க மாமாவ அடிச்சுப் போட்டுட்டாங்க. ராகியெல்லாம் உழுதுட்டாங்க. போங்க" என்றாள். அடித்துக்கொண்டிருந்த காகிதத்தை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

நடந்ததை அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குச் சொன்னாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் நாலு ஏர் வந்திருக்கிறது, கூடவே பத்துப் பன்னிரண்டு ஆட்கள். ராகி கதிர் பிடித்து, இன்னும் மூன்று நாலு வாரத்தில் அறுக்கலாம் என்று நின்றது. அதன்மேலேயே ஏரை ஓட்டினார்கள். ஊடே விதைத்திருந்த அவரையும் கொடியோடு மண்ணுக்குள் போனது. மாமா ஓடிப்போய் முதல் ஏரின் மாட்டுக்கு முன்னால் நின்று நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையின் மேலேயே அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள்.

"நான் மேல விழுந்து தடுத்தேன்டா. என்னைத் தூக்கி வரப்புல போட்டுட்டானுங்க. அவரு கத்தவே இல்ல. ராகியத்தான் பாத்துக்கினு கெடந்தாரு" என்றாள்.

வலது முழங்கை நொறுங்கியிருந்தது. விலா எலும்பு இரண்டில் விரிசல். கட்டுப் போட்ட டாக்டர், கை கூடும், ஆனால் மடங்காது என்று சொன்னார். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

மறுநாள் அக்காவும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சப் இன்ஸ்பெக்டர் கன்னடத்தில்தான் பேசினார். நாங்களும் கன்னடத்தில்தான் பதில் சொன்னோம்.

"நிலம் யார் பேரில் இருக்கிறது?"

"எஜமானர் பேரில்."

"அவர் நிலத்தை அவர் உழுதிருக்கிறார்."

"பயிர் எங்களுடையது சார். கையை உடைத்திருக்கிறார்கள்."

"நிலத் தகராறு சிவில் மேட்டர். அதற்குக் கோர்ட் இருக்கிறது. கையைப் பற்றி எழுதிக்கொள்கிறேன்." எழுத ஆரம்பித்தவர் பேனாவை நிறுத்தினார். "எந்த ஊர் நீங்கள்?"

அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அது இருக்கும் ஊர். சொந்த ஊர்?"

"அதுதாங்க சொந்த ஊர். அங்கேதான் நான் வாழ வந்தேன், அவர் பிறந்ததும் அங்கேதான்."

அவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். 'வரப்பு விஷயமாக இரு தரப்பினருக்கும் இடையே கைகலப்பு' என்று இருந்தது. இரு தரப்பு இல்லை சார் என்றேன். விசாரணையில் தெரியவரும் என்றார். பக்கத்து மேஜையில் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தம்ளரைப் பிடுங்கி எறிய வேண்டும் போல எனக்கு இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் நான் ஆபீசுக்குத் திரும்பினேன். வக்கீல் நல்லவர். லீவு கொடுத்ததோடு, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு டிக்டேஷன் எடுக்கக் கூப்பிட்டார். தாலுகா ஆபீசுக்கு ஒரு எதிர்மனு. கிராமத்தின் பெயரும் சர்வே நம்பரும் அவர் வாயிலிருந்து வந்ததும் என் பென்சில் நின்றுவிட்டது.

"என்னப்பா?"

"சார், இது எங்க மாமா நிலம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்குத் தெரியாதுப்பா. ஆனா வக்காலத்து வாங்கிட்டேன், இனிமே திருப்பிக் கொடுக்க முடியாது. நீ வீட்டுக்குப் போ. நான் வெளியில கொடுத்து அடிச்சுக்கறேன்."

அப்போதே எழுந்து போயிருக்கலாம். அவரே வழியும் காட்டினார். "பரவால்ல சார், சொல்லுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே நான் பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதில் என்னதான் எழுதப் போகிறார்கள் என்று பார்க்கும் வெறி ஒன்று. இரண்டும் உண்மை. இரண்டும் போதவில்லை.

மேற்படி நபர் குத்தகைதாரர் அல்ல, எப்போதாவது வரும் தினக்கூலி. எஜமானர் தாமே ஆட்களை வைத்துச் சொந்த சாகுபடி செய்துவருகிறார். அறுவடை முடிந்த நிலத்தை அவருடைய ஆட்கள் உழுதுகொண்டிருந்தபோது, மேற்படி நபரும் அவர் மனைவியும் அவர்களைத் தாக்கினார்கள். இதை நான் மூன்று கார்பன் வைத்து, ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீயா அடிச்ச?"

"ஆமா."

அவள் என்னை ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா எழுதியிருக்குது, முழுசாச் சொல்லு" என்றாள். சொன்னேன். 'அறுவடை முடிந்த நிலம்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஐப்பசியில எவன்டா ராகி அறுத்து முடிச்சிருக்கான்? இந்தச் சீமையிலயே எங்கனா உண்டா?"

மறுநாள் முதல் அவள் நிலத்துக்குப் போய், உழவில் புரண்டு கிடந்த ராகியை மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தாள். பால் பிடித்த பச்சைக் கதிர்கள். கட்டுக் கட்டாகக் கட்டிக் கூரைமேல் உலர்த்தினாள். நல்ல கதிர் எதற்காக இப்படி அழிந்தது என்று அழுதுகொண்டே கட்டினாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். என் முன்னால் அழவில்லை.

தாலுகா ஆபீசில் அமல்தார்தான் பெரிய அதிகாரி. அவர் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று மனு கொடுத்தோம். நாள் குறித்தார்கள். போய்க் காத்திருந்தோம், தள்ளிவைத்தார்கள். மறுபடி நாள் குறித்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். மூன்றாவது தடவை அக்கா ஒரு கோணி நிறைய அந்தக் கதிர்களைச் சுமந்துகொண்டு வந்தாள். குமாஸ்தா வாசலிலேயே மறித்தார். "இதையெல்லாம் ஆபீசுக்குள்ள கொண்டு வரக் கூடாதும்மா."

"உள்ள வேணாம்" என்று அவள் கோணியை அவிழ்த்து வராந்தாவில் கொட்டிவிட்டாள். சத்தம் கேட்டு அமல்தாரே வெளியே வந்தார். குனிந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மணி வரவில்லை. தோலும் தூளும்தான் வந்தன. "எந்த நிலம்?" என்று கேட்டார். அடுத்த வாரமே வந்து பார்த்தார்.

ஆனால் அதற்குள் நிலம் நிலமாக இல்லை. நூல் பிடித்தது போல வரிசையாக சைட்டுக் கல் நட்டிருந்தார்கள். கிராமக் கணக்கரான சானபோகர் தம் பதிவேட்டை விரித்து வாசித்தார். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் எல்லா வருஷமும் 'சொந்தம்', அதாவது எஜமானரே, என்றுதான் இருந்தது. மாமா கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய மூன்று ஏக்கரில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஐப்பசியில எப்படி அறுவடை முடிஞ்சிருக்கும்?" என்று அமல்தார் ஏஜெண்டைக் கேட்டார்.

"விளைச்சல் சரியில்லைங்க. அதான் அழிச்சு உழுதோம்."

எதிர்மனுவில் அப்படி இல்லையே என்று நான் வாயைத் திறந்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டேன்.

பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேரை விசாரித்தார். மூன்று பேரும் வாரத்துக்கு உழுகிறவர்கள், அதே எஜமானரின் நிலத்தை. நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் நீர்கண்டி வந்தார். ஏரி மதகைத் திறந்து, யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்க்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"இவங்க கீரைப் பாத்திக்கு நான்தான் தண்ணி விடறேன். அதுக்கு அறுவடைக்கு அறுவடை எனக்கு முறம் முறமா ராகி அளந்தது இந்தம்மாதான். எஜமானர் வீட்டுலேர்ந்து ஒரு பிடி வந்ததில்லை" என்றார்.

அவர் ஒருவர்தான் பேசினார். அவர் பேசியதற்கு ஏற்பவே ஆர்டரும் வந்தது. தண்ணீர் பாயும் அரை ஏக்கருக்கு சாட்சி இருக்கிறது, அதனால் அது மாமாவுக்கு. மேட்டில் வானம் பார்த்துக் கிடந்த இரண்டரை ஏக்கருக்கு சாட்சி இல்லை, அதனால் அது எஜமானரின் சொந்த சாகுபடி. ஆர்டரை நான் நாலைந்து தடவை படித்தேன். சட்டப்படி குறை சொல்ல ஓர் இடமும் இல்லாமல் எழுதியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடிதடி கேஸ் வேறு விதமாக முடிந்தது. இரண்டு தரப்பும் ஒரு வருஷத்துக்கு அமைதி காக்க வேண்டும் என்று இருவரிடமும் ஒரே மாதிரி ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அடித்தவர்களில் இரண்டு பேரும் மாமாவும் ஒரே வரிசையில் நின்றார்கள். வலது கையால் பேனா பிடிக்க முடியாததால், கையெழுத்துப் போடத் தெரிந்த மாமா இடது கட்டை விரலை மையில் ஒற்றினார். முன்னால் நின்ற ஆள் திரும்பி, விரலைத் துடைத்துக்கொள்ளத் தன் துண்டை நீட்டினான். மாமா வாங்கித் துடைத்துக்கொண்டார். எதற்கு வாங்கினீர்கள் என்று வெளியே வந்து நான் கத்தினேன். "மை ஒட்டியிருந்துச்சு" என்றார்.

அந்த வாரமே வக்கீலிடம் போய், எதிர்மனுவில் இருந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "உன் இடத்துல நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா நாளையிலேர்ந்து வராதே" என்றார். சில மாதங்கள் கழித்து ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை கிடைத்தது.

இரண்டரை ஏக்கருக்காக அப்பீல் செய்தோம். அதையும் நானே அடித்தேன். காலக்கெடு தாண்டி வந்ததாகத் திருப்பி அனுப்பினார்கள். ஆர்டரின் நகலையே கெடு முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு அவர்களுடைய முத்திரையே சாட்சி. அதை எழுதிப் போட்டேன். அதே பதில் அதே வார்த்தைகளில் மறுபடி வந்தது. தேதி மட்டும் வேறு.

அதைப் படித்துக்காட்ட நான் போனபோது அக்கா அரை ஏக்கரில் தண்டுக்கீரைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். மேட்டில் முதல் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாமா இடது கையால் களை கொத்திப் பழகிக்கொண்டிருந்தார். கொத்து சில சமயம் கீரையிலேயே விழுந்தது. நான் வரப்பில் நின்று இன்னும் யார் யாருக்கு எழுதலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அக்கா நிமிர்ந்தாள்.

"எழுது. நான் வேணாம்னு சொல்லல. இப்போ கொஞ்சம் நகரு, தண்ணி விட்டுட்டாங்க."

நான் நகர்ந்து நின்றேன். பிறகும் எழுதினேன். மூன்று வருஷம் எழுதினேன். மேட்டில் வீடுகள் எழும்பி, குடி வந்தவர்கள் வேலி ஓரம் வந்து அக்காவிடம் கீரை கேட்க ஆரம்பித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.