உப்புக் கூடிய தொட்டியும் ஏழு மீன்களும்

காலை ஏழரைக்கு ஆய்வுகூடத்தைத் திறந்தபோது தரை ஈரமாக இருந்தது. கடல்மீன் தொட்டியின் மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருந்த புட்டிப் பசை விட்டுப்போய், தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தது. கால்வாசி ஏற்கெனவே போய்விட்டது. உள்ளே ஐந்து ஓரா மீன்கள், இரண்டு திரளிகள்.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. தர்மபுரம் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியை. என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். எங்கள் மாணவர்களில் பலர் வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கடலைக் கண்டதில்லை. அவர்களுக்காகத்தான் அந்தத் தொட்டி. மின்சாரம் இல்லாததால் லொறிச் சக்கர ரியூப்பில் காற்றடித்து, வால்வில் மெல்லிய குழாய் மாட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தோம். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றி வரும் லொறியில் கிழமைக்கு ஒரு பெரிய கான் நிறையக் கடல் தண்ணீர் வரும். தொட்டியில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு அதை ஊற்றுவேன். ஐந்து மாதமாக ஒரு துளி கிணற்றுத் தண்ணீர்கூடச் சேர்த்ததில்லை என்பதில் எனக்குப் பெருமை.

நல்லவேளையாக, வவுனியாவில் செய்வித்த புதுத் தொட்டி வந்திருந்தது. முந்தின நாள்தான் அதில் கடல் தண்ணீர் நிரப்பியிருந்தோம். பாடசாலை அதிபர் வந்து பார்த்தார்.

“எப்பிடியும் மாத்திறதுதானே ரீச்சர். இப்பவே மாத்துங்கோ. ரெண்டு மணிக்குக் கல்வி அதிகாரி வாறார்.”

ஓராவின் முள் விஷம் என்பதால் வலையால் அள்ளினேன். முதலாவது மீன் புதுத் தொட்டியின் அடிக்குப் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தது. வலையில் உரசியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதை விட்டேன். அது இன்னும் விரைவாகச் சாய்ந்தது. மூன்றாவது வலைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பழைய தொட்டியிலேயே விட்டேன்.

“ஏன் நிக்கிறியள்?”

“தண்ணி ஒத்துவரேல்லை சேர். மற்றதுகளை விடமாட்டன்.”

“மாட்டனோ? அப்ப அதிகாரி கேட்டால் மீனெல்லாம் லீவிலை எண்டு சொல்லவோ?”

சாய்ந்த இரண்டையும் அள்ளிப் பழைய தண்ணீருக்கே திருப்பினேன். அதிபர் முகம் சுளித்துக்கொண்டு போனார்.

பழைய தொட்டியோ வடிந்துகொண்டே இருந்தது. பாடசாலைப் பணியாளர் பாக்கியம் ஓடிப்போய், பக்கத்தில் இருந்த என் வீட்டிலிருந்து குழந்தை குளிக்கும் பேசனை எடுத்துவந்தாள். பழைய தண்ணீரை அதில் எடுத்து ஏழு மீன்களையும் விட்டோம், காற்றுக் குழாயையும் மாற்றினோம்.

இரண்டும் ஒரே கடல் தண்ணீர், ஒரே லொறியில் வந்தவை. பிறகு என்ன வித்தியாசம்? பாக்கியம் இரண்டிலும் விரல் வைத்து நக்கிப் பார்த்தாள். அவள் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், என் வயதுதான்.

“பழசு நாக்க அறுக்குது டீச்சர். புதுசு அவ்வளவு இல்லீங்க.”

நானும் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நாக்கை நம்பத் தயக்கமாக இருந்தது.

“பாக்கியம், வீட்டிலை முட்டை இருக்கோ?”

“பசிக்குதுங்களா?” என்றவள், உடனே சிரித்தாள். “அட, வெதநெல்லுக்குப் பாக்குற மாதிரியா!”

எங்கள் பகுதியில் விதைநெல்லில் பதர் பிரிக்க உப்புத் தண்ணீர் கரைப்பார்கள். முட்டை மிதந்தால்தான் உப்பு போதும் என்று கணக்கு. பாக்கியம் கொண்டுவந்த முட்டை புதுத் தண்ணீரில் தாழ்ந்தது. அதே முட்டை பழைய தண்ணீரில் மிதந்தது.

ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டிக்குள்ளேயே கிடந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு கிழமையும் நான் இன்னும் உப்பைத்தான் ஊற்றியிருக்கிறேன். உப்பளத்தைப் படமாக வரைந்து எட்டாம் வகுப்புக்கு இதைக் கற்பித்தவளும் நான்தான்.

கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பை புதுத் தண்ணீர் பேசனில் விடத் தொடங்கினேன். ஒரு கோப்பை கூடவோ, குறைவோ? அரைக் கோப்பை போதுமோ? மூன்று முறை மனம் மாறியது. பிறகு ஒரு கோப்பைதான், இனி மாற்றுவதில்லை என்று கொப்பியில் எழுதிவிட்டேன். பத்தரைக்குப் பாக்கியம் வீட்டிலிருந்து என் மகனைத் தூக்கிவந்தாள். மூலைக் கதிரையில் இருந்து பால் கொடுத்தபடியே பேசனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு அதிகாரி வந்தபோது புதுத் தொட்டி வெறுமையாக இருந்தது.

“சின்னத் தடங்கல் சேர்...” என்று அதிபர் இழுத்தார்.

“தடங்கல் இல்லை சேர். என்ர பிழை” என்றேன். இரண்டு தண்ணீரிலும் முட்டையைப் போட்டுக் காட்டினேன். அதிகாரி குனிந்து பார்த்தார்.

“இது பிள்ளை குளிக்கிற பேசன் எல்லோ?”

“ஓம் சேர். பிள்ளை இண்டைக்குக் குளிக்காது.”

அவர் சிரித்துவிட்டார். அதிபர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் ஒரு ஓரா செத்தது. நான் இரண்டாவதாக இறக்கிய மீன். அடுத்த நாள் மத்தியானம் பேசனிலும் முட்டை தாழ்ந்தது. மற்ற ஆறும் புதுத் தொட்டிக்குப் போய் நேராக நீந்தின.

ஆய்வுகூடத்தைப் பொறுப்பெடுக்கும் இளம் ஆசிரியர்களே, தொட்டியின் வெளியே ஒரு கோடு போடுங்கள். வெயிலில் குறைவதைக் கிணற்றுத் தண்ணீரால் கோடுவரை நிரப்புங்கள். இது சுலபமான பாடம். மற்றது எனக்குக் கடினமாகத்தான் வந்தது. முதல் மீன் சாய்ந்ததை நான் கண்டேன். அப்படியிருந்தும் இரண்டாவதை விட்டதற்கு, அதிபர் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஏதோ பிழை என்று கண்ணுக்குப் பட்டால், விளக்கம் கையில் இல்லாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். விளக்கத்தை அரை மணித்தியாலத்தில் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது மீனில் நின்ற என் கை இரண்டாவதிலேயே நின்றிருந்தால், ஏழும் நீந்தியிருக்கும்.