வாய்க்கால் கரையில் ஒரு நன்னடத்தை விசாரணை

விக்டோரியாவை முதன்முதலில் அடங்காப்பிடாரி என்று சொன்னவர் அவள் பிறந்த கடற்கரை ஊரின் பங்குச்சாமியார். மாதா கோயில் திருவிழாவில் 'அடக்கமான பெண்பிள்ளை' என்று வருடாவருடம் ஒரு பரிசு கொடுப்பார்கள். ஆள் பார்த்ததில் எங்கேயோ பிசகு நடந்திருக்க வேண்டும், அந்த வருடம் அவளை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போய்ப் பரிசுத் தட்டை வாங்கிக்கொண்டவள், முகத்துக்கு நேரே மைக் இருப்பதைக் கவனிக்காமல், "சாமி, பயலுவளுக்கு ஏன் இந்தப் பரிசு கிடையாது?" என்று கேட்டாள். ஒலிபெருக்கி அதைக் கடல்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டத்தில் இருந்த அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் பரிசைத் திருப்பிக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. அந்தத் தட்டில்தான் அவள் அம்மா கடைசிவரை கருவாடு பொரித்து வைத்தாள்.

பிறகு அவள் திருச்சிக்குப் போய்த் தத்துவம் படித்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எட்வினைக் கட்டிக்கொண்டு வண்ணார்பேட்டையில் குடியேறினாள். தத்துவம் படித்த பெண்ணுக்கு வேலை கொடுக்க ஊரில் யாருமில்லை. கிரேன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து எட்வின் படுக்கையில் கிடந்தபோது கைகொடுத்தவர் ஜேசுதாசன். அம்மா வழியில் மாமா முறை. ஊருக்கு வெளியே, சீவலப்பேரிக்குப் போகிற பாதையில் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரிக்கு அவர் செயலாளர். "வா பிள்ளே, வந்து பாடம் எடு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குடும்பம் மூச்சுவிட்டது. விக்டோரியா அதை மறந்தவளில்லை.

கல்லூரியில் தத்துவத்துக்குத் துறை கிடையாது. முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'அறவியல்' என்று கட்டாயப் பாடம் ஒன்று உண்டு. மற்ற ஆசிரியர்கள் கையைக் கழுவிவிட்ட அந்தப் பாடம் அவள் தலையில் விழுந்தது. அவளுக்கோ அது அல்வாத் துண்டு. கிரேக்கர்கள் எதை நற்குணம் என்றார்கள், சீனத்தில் என்ன சொன்னார்கள், பௌத்தரும் சமணரும் எங்கே பிரிந்தார்கள், நம் ஊரில் அறம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள். போட்டுவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வாள். பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

ஒருநாள் சேரன்மகாதேவியிலிருந்து வரும் ஸ்ரீலக்ஷ்மி எழுந்து, "அவாவா கடமையை அவாவா பண்றதுதான் மிஸ் தர்மம்" என்றாள்.

"கடமைய யாரு பிரிச்சுக் குடுத்தா? அதச் சொல்லு மொதல்ல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது ஷம்ஸியா. மேலப்பாளையத்துத் தையல்காரர் அகமது மீரானின் மகள். "எங்க வீட்ல அமானிதம்னு ஒண்ணு சொல்லுவாவ மிஸ். நம்ம கையில ஒப்படைச்ச பொருளக் கெடுக்கக் கூடாது. தண்ணி, காத்து எல்லாம் அமானிதம்தான். நமக்குச் சொந்தம் கெடையாது."

"அப்ப யாருக்குச் சொந்தம்?" என்று விக்டோரியா கேட்டாள்.

"பொறவு வாரவங்களுக்கு."

அந்த வகுப்பு அன்றைக்கு மணி அடித்த பிறகும் கலையவில்லை.

அடுத்த மாதம் ஷம்ஸியா சீவலப்பேரியில் கூடப்படிக்கும் பிள்ளையின் வீட்டு விசேஷத்துக்கு டவுன் பஸ் ஏறிப் போனாள். வயல் வழியாக நடந்தபோது வாய்க்கால் ஓரத்தில் செப்டிக் டேங்க் லாரி ஒன்று நின்றது. தடித்த குழாயை வாய்க்காலுக்குள் விட்டிருந்தார்கள். ஓட்டுநரை அவளுக்குத் தெரியும். வாராவாரம் கல்லூரி விடுதிக் கழிவை அள்ளிக்கொண்டு போகிறவர். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது. அதில்தான் நடவுக்காரர்கள் கை கால் கழுவுகிறார்கள். கொஞ்ச தூரம் போனால் ஆறு.

"அண்ணாச்சி, குழாய எடுங்க" என்றாள்.

"நீ போம்மா, ஒன் சோலியப் பாத்துட்டு" என்றார் அவர்.

அவள் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி, குழாயின் வாய்க்கு முன்னால் நின்றுகொண்டாள். சுடிதார் இடுப்புவரை நனைந்தது. கூட வந்த தோழி கரையில் நின்று கைப்பேசியில் வீடியோப் படம் பிடித்தாள். வயலில் வேலை செய்துகொண்டிருந்த இசக்கிதுரையும் இன்னும் சில பேரும் ஓடிவந்தார்கள். லாரி குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. கல்லூரியின் பெயர் லாரியில் இல்லை. ஆனால் ஷம்ஸியா படத்திலேயே அதைச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் அவளை வகுப்புக்குள் விடவில்லை. கல்லூரிப் பெயரைக் கெடுத்தாள், ஒழுங்கை மீறினாள் என்று குற்றம். நன்னடத்தை 'திருப்தியில்லை' என்று எழுதி டி.சி.யைக் கொடுத்துவிடுவது என்று மேலே முடிவாகிவிட்டது. அப்படி எழுதின பிள்ளையை வேறு எந்தக் கல்லூரி சேர்க்கும்? ஆனால் விதிப்படி மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். ஜேசுதாசன் ஒருவர், முதல்வர் ஸ்ரீகுமார் ஒருவர். தலைமைக்கு விக்டோரியா. ஒழுக்கப் பாடம் எடுக்கிறவளே கையெழுத்துப் போட்டுவிட்டால் வெளியே யாரும் வாய் திறக்க முடியாது என்பது கணக்கு.

ஜேசுதாசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"பிள்ளே, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். எட்வின் கெடயில கெடந்தப்போ நான் ஏதும் கேட்டனா?"

"கேக்கல மாமா."

"இப்போ கேக்கேன்."

விக்டோரியா காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போய் எட்வினிடம் சொன்னாள். அவன் தாங்கித் தாங்கி நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நன்றி மறந்தவள்னு ஊரே சொல்லும்" என்றாள்.

"நம்ம ஊரு ஒன்னிய எப்ப நல்லா சொல்லிச்சு?" என்றான் எட்வின்.

காலையில் அவள் போட்ட முதல் உத்தரவு, விசாரணை நடக்கும் இடத்தைப் பற்றியது. குழுத் தலைவருக்கு இடத்தை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று விதியில் இருந்தது. சம்பவம் நடந்த இடத்தில், சீவலப்பேரி வாய்க்கால் கரையில் குழு கூடும் என்று எழுதி அனுப்பினாள். முதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னம்மா விளையாடறேளா?" என்றார்.

"இல்ல சார். குடை கொண்டு வாங்க. அங்கன நெழல் கெடையாது."

கல்லூரி வேன் வந்து நின்றது. இறங்கும்போதே ஜேசுதாசனும் முதல்வரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். லாரி வந்துபோய் நாளாகியும் வாடை போகவில்லை. தண்ணீரின் மேல் கறுப்பாக ஏடு படிந்திருந்தது. இசக்கிதுரை பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். முழங்கால்வரை அவருக்குப் புண். சுண்ணாம்பு போல என்னவோ பூசியிருந்தார். "அந்தப் பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராதிய அம்மா" என்று சொல்லிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஷம்ஸியா நின்றாள். பக்கத்தில் அவள் வாப்பா அகமது மீரான்.

ஜேசுதாசன்தான் ஆரம்பித்தார். "கீழ்ப்படிதல்னு ஒண்ணு இருக்கு. கல்லூரி ஒனக்குப் பாதி ஃபீஸுல இடம் குடுத்திச்சு. குறை இருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். ஊரறியச் சந்தி சிரிக்க வைக்கிறதா மரியாதை?"

அகமது மீரான் கைகூப்பினார். "ஐயா, தெரியாமச் செஞ்சிட்டா. மன்னிப்புக் கேப்பா. மவளே, சபுரா இரும்மா. ஒரு வார்த்தை கேட்டுரு."

ஷம்ஸியா அவர் பக்கம் திரும்பினாள். "வாப்பா, சபுருன்னா கஷ்டத்துல நிலையா நிக்கிறதுன்னு நீங்கதான சொன்னிய? நான் நின்னேன். அன்னைக்கும் நின்னேன், இப்பவும் நிக்கேன். மன்னிப்பு எதுக்கு?"

ஸ்ரீகுமார் குரலை உயர்த்தவே இல்லை. அவர் கெட்ட மனிதரல்ல. அதுதான் விக்டோரியாவுக்குக் கஷ்டமாக இருந்தது. "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க எந்த மரபை வேணா எடுத்துக்கோங்கோ, விவேகம்னு ஒரு குணம் எல்லாத்துலயும் இருக்கு. இந்தப் புகாரால கல்லூரியை அரசு இழுத்து மூடினா இத்தனை பொண்கள் எங்க போவா? பாதிப்பேருக்கு அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். ஒரு பொண்ணுக்காக அத்தனை பேரையும் பணயம் வைக்கறதுதான் உங்க அறமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின.

"இருக்கலாம் சார்" என்றாள் பைய. "கல்லூரி நடக்கணும்னா யாராச்சும் ஒருத்தர் காலுல புண்ணு வந்துதான் ஆகணும்னே வச்சுக்கிடுவோம். அது ஏன் எப்பவும் இசக்கிதுரை காலாவே இருக்கு? என் காலா ஏன் இல்ல? உங்க காலா ஏன் இல்ல?"

அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நானும் இத்தன வருஷமா இதத்தான் பாடமா எடுக்கேன். ஒரு கூட்டம் வீரம் பெருசுங்கும், ஒரு கூட்டம் பொறுமை பெருசுங்கும். ஒருத்தருக்குக் கடமை, ஒருத்தருக்குக் கருணை. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாது. ஆனா கண்டும் காணாம இருக்கிறத நற்குணம்னு சொன்ன ஒரு கூட்டம்கூட எனக்கு அம்புடல. உங்களுக்கு அம்புட்டா சொல்லுங்க, இங்கனயே கையெழுத்துப் போடுதேன்."

பேசிக்கொண்டே எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினாள். வாய்க்காலில் இறங்கினாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு மேலே ஏறி, ஸ்ரீகுமாருக்கு முன்னால் வந்து நின்றாள். விரலிடுக்கில் கறுப்பாக ஒழுகியது.

"நீங்க சேரன்மாதேவி ஆத்துல முங்கி எந்திரிச்சு வளந்தவிய. தெனமும் சந்தியாவந்தனம் பண்ணும்போது மூணு தடவ தண்ணி குடிக்கியள்லா? இதும் அந்த ஆத்துத் தண்ணிதான் சார். ஒரே ஒரு வாய். குடிச்சிட்டு, இந்தப் பிள்ள செஞ்சது தப்புன்னு சொல்லுங்க."

"விக்டோரியா!" என்று ஜேசுதாசன் அதட்டினார்.

ஸ்ரீகுமார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நான் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை" என்றார்.

அதைவிட அதிகமாக அவரால் முடியவில்லை. அவ்வளவே போதுமாக இருந்தது. ஜேசுதாசன் டி.சி. கொடுக்க வேண்டும் என்றார், விக்டோரியா கூடாது என்றாள். சமமாக வந்தால் தலைவர் சொல்வதே முடிவு. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளில் 'நன்னடத்தை: மிக நன்று' என்று எழுதினாள். 'நன்று' போதும்தான். 'மிக' என்பதை வேண்டுமென்றே சேர்த்தாள்.

வேனில் ஏறும் முன் ஜேசுதாசன் அவள் பக்கம் திரும்பினார். "ஒன்னிய நான் தூக்கிவிட்டதுக்கு நல்லாச் செஞ்ச பிள்ளே."

"நன்றி இருக்கு மாமா. சாகுறவரைக்கும் இருக்கும். அதுக்கு வெலையா இந்தப் பிள்ளையக் குடுக்க முடியாது."

ஜூன் மாதம் அவளுக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசி நாள் அலமாரியைக் காலி செய்யப் போனபோது முதலாண்டுப் பிள்ளைகள் வராந்தா முழுக்க நின்றார்கள். கோஷம் போடவில்லை. அவள் நடந்தபோது எல்லோரும் கூடவே நடந்தார்கள், கேட் வரைக்கும். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, அவரும் இரண்டு எட்டு கூட வந்தார். அதிகாரிகள் வந்து பார்த்துப் போன பிறகு கல்லூரிக்குள்ளேயே கழிவைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டினார்கள். இசக்கிதுரையின் கால் ஆறிவந்தது, தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அந்த லாரி இப்போது வேறு யாருடைய கழிவை எங்கே கொட்டுகிறது என்று தெரியவில்லை. ஷம்ஸியா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கூட அகமது மீரானும் போகிறார்.

விக்டோரியா இப்போது வண்ணார்பேட்டையில், போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தருகிற இடத்தில் பாடம் எடுக்கிறாள். சம்பளம் குறைவு. வகுப்பில் அறவியல் என்று ஒரு சிறு பகுதி உண்டு. கொள்குறி வினாக்கள்தான். அதில்கூடப் பிள்ளைகளைச் சண்டை போட வைத்துவிடுவாள். மேலாளர் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்துவிட்டார்.

தை மாதம் ஜேசுதாசனின் மகள் ஃபெமினாவுக்குக் கடற்கரை ஊரில் கல்யாணம் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு போயிற்று, விக்டோரியாவுக்கு மட்டும் இல்லை. அவள் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள்.

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று எட்வின் கேட்டான்.

"எம் மாமா மவ கல்யாணம். கோவிக்கிறது அவரு பாடு, போறது எம் பாடு."

கோயிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். காதோடு காதாகப் பேசியவர்களைப் பார்த்து அவளே முதலில் சிரித்து நலம் விசாரித்தாள். பெண்ணின் கையில் மோதிரம் போட்டு நெற்றியில் சிலுவை வரைந்தாள். ஃபெமினா அவளைக் கட்டிக்கொண்டாள். பந்தியில் முதல் வரிசையில் எட்வினோடு உட்கார்ந்தபோது, ஜேசுதாசன் பந்தி பார்த்துக்கொண்டு வந்தவர் அவள் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார். பரிமாறிக்கொண்டு போன ஆளைப் பார்த்து, "ஏலே, இந்த எலையில கறியே காணோம், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வரிசைக்குப் போனார்.

விக்டோரியா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.