ஹர்த்தால் அன்று லினக்ஸ்

என் கணவருக்கு இரண்டு விஷயங்களைக் குறை சொன்னால் பிடிக்காது. ஒன்று அவருடைய அம்மா தேங்காய் அரைத்து வைத்த மொளகூட்டல் என்கிற கூட்டு. மற்றது லினக்ஸ். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டதால் மொளகூட்டல் விஷயத்தில் வீடு அமைதியாக இருக்கிறது. லினக்ஸ் மட்டும் எங்கள் முன்னறையில் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது.

அவர் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் அது. தூக்கிக்கொண்டு வந்து, அதிலிருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டார். புது லேப்டாப் அனுப்புகிறேன் என்று மகன் சொன்னபோது, "இதுக்கென்ன கேடு? இது லினக்ஸ் ஆக்கும்!" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அந்த மெஷின் கிளம்புவதற்குள் நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிடலாம். அதைச் சொன்னால் அரிசியின்மேல் குற்றம் கண்டுபிடிப்பார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் எம்.ஏ. படிக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில், தபால் வழியில், சரித்திரம். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு. கொச்சியில் எங்கள் பேட்டையான மட்டாஞ்சேரிக்கு வந்த வணிகர் குடும்பங்களைப் பற்றி முதல் அசைன்மெண்ட் எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பமே அப்படி வந்ததுதான். இருந்தும் எழுதி முடிக்க ஒரு மாதம் பிடித்தது. தமிழில் யோசித்து, மலையாளத்தில் குறிப்பெடுத்து, இங்கிலீஷில் தட்டினேன். கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஹர்த்தால்.

காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் இணையம் இல்லை.

அதற்கு முந்தின நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துலாமாதம், அதாவது ஐப்பசி, பிற்பகல் இடி. எங்கள் தெருவில் முதல் இடி விழுந்ததும் எல்லா வீட்டிலும் பெண்கள் எழுந்து பிளக் பிடுங்கக் கிளம்புவார்கள். டி.வி., மிக்ஸி, பிரிட்ஜ், மோடம், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற கேபிள், ஒன்றையும் விடமாட்டோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் இடி அந்தக் கேபிள் வழியாக வந்து கம்ப்யூட்டரின் இணையத் துளையைக் கருக்கிவிட்டது. ரிப்பேர்காரர் தனியாக ஒரு கார்டு வைத்து, கீழே புதுத் துளை கொடுத்தார். அது முதல் கேபிளைத் திரும்பச் சொருகுவது கணவரின் உத்தியோகம். முந்தின நாள் மழை விட்டபோது அவர் கோவிலுக்குப் போயிருந்தார். எனக்குக் கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. நானே எல்லாவற்றையும் சொருகிவிட்டு, உட்கார்ந்து தட்டி முடித்தேன்.

ஆகவே காலையில் அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானதுதான்.

"நேத்து கேபிளைச் சரியாத்தானே சொருகினாய்?"

"நான் சொருகினா சரியா இருக்காதா? இந்தாத்துலே எதையாவது தப்பா வெச்சிருக்கேனா நான்?"

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அவர் அதற்குமேல் கேபிள் பக்கம் போகவில்லை. முப்பது வருஷத்துக் குடும்பஸ்தர், எங்கே குனியக்கூடாது என்று தெரிந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்தார்.

"அஞ்சே நிமிஷம். லினக்ஸுலே என்ன தப்புன்னு அதுவே சொல்லிடும், கேட்டியோ."

அது சொன்னதென்னவோ உண்மை. நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்று சொன்னது. எனக்கு அது முன்பே தெரியும். அவருக்கு மட்டும் பெரிய துப்புக் கிடைத்தது போலிருந்தது. தேவராவில் இருக்கும் தன் பழைய சகாவைப் பட்டன் போனில் கூப்பிட்டார். அவரும் இந்த லினக்ஸ் மதத்தைச் சேர்ந்தவர்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். உள்ளே போன் சிக்னல் வராது, தெருவில் இறங்கி நின்றால்தான் பேச முடியும். எனவே வைத்தியம் இப்படி நடந்தது: இவர் தெருவில் நின்று சகா சொல்லும் கட்டளையைப் பழைய காலண்டர் தாளில் எழுதிக்கொள்வார், உள்ளே ஓடி வந்து தட்டுவார், திரையில் வந்ததைத் தாளின் மறுபக்கம் எழுதுவார், மறுபடி தெருவுக்கு ஓடி எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

ஹர்த்தாலால் தெரு காலியாகக் கிடந்தது. எதிர்வீட்டு மலையாளிச் சேட்டன் இவர் திண்டாடுவதை வெகுநேரம் ரசித்துவிட்டு, "ஸ்வாமி, ஆரெயா இங்கிலீஷில் சீத்த பறயுன்னது?" என்று கேட்டார். யாரை இங்கிலீஷில் திட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இவர் தாளோடு உள்ளே ஓடினார்.

மோடத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்று சகா கேட்டாராம். நான் எண்ணிச் சொன்னேன், மூன்று. வழக்கமாக எத்தனை எரியும் என்று அடுத்த கேள்வி. நன்றாக ஓடுகிற நாளில் யார் விளக்கை எண்ணினார்கள்?

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. இரண்டு மணிக்கு மோர்சாதத்தைக் கிண்ணத்தில் போட்டு விசைப்பலகை பக்கத்தில் வைத்தேன். மூன்றரைக்கு எனக்குப் பொறுமை போயிற்று. கடை எதுவும் இல்லை, ஆட்டோ இல்லை, பஸ் இல்லை.

"விட்டுடுங்கோ. எனக்கு இது வேண்டியதுதான். இந்த வயசுலே எம்.ஏ. இல்லேன்னு யார் அழுதா? இது போகலேன்னா எல்லாப் புஸ்தகத்தையும் கட்டிப் பரண்மேலே போட்டுடறேன்" என்றேன். கோபத்தில் சொன்னதல்ல, நிஜமாகவே முடிவு பண்ணிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். லினக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பள்ளுருத்தியிலே என் தங்கையாத்துலே கம்ப்யூட்டர் இருக்கு" என்றார்.

"நடந்தா?"

"ஒரு மணி நேரம். வேகமா நடந்தா அஞ்சுக்குள்ளே ஆயிடும். பென் டிரைவுலே போட்டுத் தரேன், நீ புடவையை மாத்திக்கோ."

நான் உள்ளறைக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். ஹர்த்தால் நாளில் ஒரு பென் டிரைவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடப்போகும் என்னை நினைத்து எனக்கே அழுகையும் சிரிப்பும் வந்தது. முன்னறையில் மேஜை நகரும் சத்தம் கேட்டது. பென் டிரைவைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார் போலும் என்று நினைத்தேன்.

"வாடி இங்கே! வந்துடுத்து!"

கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். திரையில் பல்கலைக்கழகத்தின் பக்கம் திறந்திருந்தது. அவர் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"என்ன ஆச்சு? எப்படி வந்தது?"

"அது ஒண்ணுமில்லே. லினக்ஸுலேதான் குழப்பம். இதுலே அப்படி ஒரு குறை உண்டு. நீ முதல்லே உன் காரியத்தைப் பாரு."

நான் ஏற்றினேன். கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. பெறப்பட்டது என்று எழுத்து வந்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். மணி நாலேகால். சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கொஞ்சம் பொறுத்துத்தான் அவர் சொன்னது உறைத்தது. லினக்ஸில் குறை உண்டு என்று இந்த மனிதர் சொன்னாரா? நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலோரம் நின்று துண்டால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். வேஷ்டியில் தூசி. தோளில் ஒட்டடை.

மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். கேபிள் கீழ்த் துளையில் இருந்தது. நேற்று நான் குனிந்து பார்க்காமல் கையால் தடவி, விரலில் முதலில் தட்டுப்பட்ட துளையில் சொருகினேன். முதலில் தட்டுப்பட்டது மேலே இருப்பது. இடியில் கருகிப்போனது.

எனக்குக் காது வரை சூடேறியது. காலையிலிருந்து அவரை எத்தனை சொல்லியிருப்பேன்! அவர் மட்டும் "நீதான் மாத்திச் சொருகினாய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு கேபிள் சொருகத் தெரியாதவளுக்கு எதற்கு எம்.ஏ. என்று அந்தக் கையோடு புத்தகங்களைக் கட்டியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

"ஏன்னா, கேபிளா மாறிக் கெடந்தது?"

"எந்தக் கேபிள்?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "அடுத்த அசைன்மெண்ட் எப்போ கொடுக்கணும்?"

"அடுத்த மாசம்" என்றேன்.