சின்னம்மாவோடு சந்திரகிரி பார்த்தது

எங்கள் வீட்டில் யாரும் ஊர் பார்க்கப் போனதாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம், புத்தூர்ச் சந்தைக்குப் போவோம். போன காரியம் முடிந்ததும் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவோம், மாடு கட்டுத்தறியில் காத்துக்கொண்டிருக்கும். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, வேர்க்கடலை பிடுங்கி முடித்த கையோடு, மூன்று நாள் திருப்பதி, சந்திரகிரி எல்லாம் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நைனா சொன்னார். நான் அப்படியே நம்பிவிட்டேன். நல்ல பாவாடையை இரண்டு நாள் முன்னாலேயே மடித்துத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டேன்.

உண்மையில் நாங்கள் போனது சித்தப்பாவைத் தேடி. என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

சித்தப்பா என்றால் சின்னம்மாவின் புருஷன். சின்னம்மா என் அம்மாவுக்குத் தங்கை. திருத்தணிப் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் கடைசி மருமகளாக வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பாவுக்கு ஏர் பிடிக்க வராது, பேச வரும். ஒரு நாள் மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கொல்லையில் விட்டுப் போயிருக்கிறார்கள். வழியில் போன யாரோ ஒருவரை உட்காரவைத்து அவர் ராஜா கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாடுகள் பக்கத்துக் கொல்லையில் இறங்கி நாற்றங்காலைச் சுத்தமாக மேய்ந்துவிட்டன. பெரிய அண்ணன் வந்து தார்க்குச்சியை எடுத்து ஊர் பார்க்க அடித்தார். முப்பது வயது ஆளை, பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது. மறுநாள் காலையில் சித்தப்பாவைக் காணவில்லை.

பழி யார்மேல் விழும்? பெண்டாட்டி சரியில்லாததால்தான் போய்விட்டான் என்று சொல்லி அந்த வீட்டார் சின்னம்மாவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவனோடு வந்தால் வா, தனியாக வந்தால் வாசற்படி ஏறாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் அவள் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தாள். சோறு மட்டும் எல்லோரும் உண்டபிறகு உண்டாள். அவரைத் திருப்பதியில் பார்த்ததாக யாரோ ஒருவர் சொன்னபிறகுதான் நைனா கிளம்பினார்.

எல்லைப் பேச்சு சூடாக இருந்த சமயம் அது. எந்த ஊர் ஆந்திராவில் இருக்கும், எந்த ஊர் மெட்ராஸுக்குப் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "தாலுக்காவே எந்தப் பக்கம் பூடும்னு தெரியல. இதுல இந்த மனுஷன் வேற" என்று நைனா ரயிலில் முணுமுணுத்தார். எந்த மனுஷன் என்று நான் கேட்டேன். அம்மா என் வாயில் முறுக்கைத் திணித்தாள்.

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். முதல் நாள் முழுக்கச் சுற்றினோம். கபில தீர்த்தத்தில் அருவி கொட்டியது. வளையல் கடைகள் வரிசையாக இருந்தன. நைனா ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றார், ஒவ்வொரு சத்திரத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார், குளத்துப் படிக்கட்டில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தார். அவ்வளவு நிதானமான நைனாவை நான் பார்த்ததே இல்லை. ஊர் பார்க்க இவருக்கு இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியம், சந்தோஷமும்கூட.

போகிற இடமெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். நெட்டையாக ஓர் ஆள், தலை நிறைய சுருட்டை முடி, பெரிய மீசை, பார்த்தீர்களா? டீக்கடைக்காரர் ஒருவர் பாலை ஆற்றிக்கொண்டே நைனாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, இந்த ஊருக்கு வர்றவங்க மொதல்ல அதத்தானே எடுக்கறாங்க. மீசையும் முடியும் வெச்சி ஆளத் தேடிக்கினு கீறீங்களே!"

நைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் தெரு முழுக்க மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. ஆனாலும் அவர் விடவில்லை. உயரமாக ஒரு மொட்டை நடந்து போவதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தோளில் கை போட்டு "சகல!" என்று கூப்பிட்டார். திரும்பியவர், "எவரண்டி மீரு?" என்று யாரெனக் கேட்டார். நெல்லூர்க்காரராம். நைனா தெலுங்கில் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் வியர்த்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சின்னம்மா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன், இவளுக்குச் சிரிக்கவே தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன். சே, என்ன பிள்ளை நான்.

இரண்டாம் நாள் சந்திரகிரி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையும் அதன் அடியில் கோட்டைச் சுவரும் தெரிந்தன. எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நைனாவுக்கோ கோட்டையில் நம்பிக்கை இல்லை. "இடிஞ்ச சுவத்துல இன்னா கீது? நாலு பேரு வந்து போற எடத்துல விசாரிக்கலாம்" என்று பஸ் நிற்கும் இடத்திலேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு முதல் நாள் நடந்ததில் கால் வீங்கியிருந்தது. அவள் புளிச்சோற்று மூட்டையோடு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். என் பிடுங்கல் தாங்காமல் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜா மகால் மூன்று அடுக்கு. அதன் முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் மழமழவென்று மழித்த தலையும் முகமுமாக ஓர் ஆள் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. வெள்ளைக்காரன் வந்து மெட்ராஸ் மணல்மேட்டைக் கேட்டதும், எழுதிக் கொடுக்க இந்த மகாலில்தான் முடிவானது என்றார். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒருவர் அப்படியானால் மெட்ராஸ் எங்களுடையது என்று தெலுங்கில் கிளம்பினார். திருத்தணியை முதலில் கொடு என்று இன்னொருவர் தமிழில் எகிறினார். கதை சொல்கிறவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"அன்னிக்கி எழுதிக் குடுத்தவங்களும் நம்மளக் கேக்கல, இன்னிக்கி எழுதறவங்களும் நம்மளக் கேக்கல. வெயில்ல இன்னாத்துக்கு அடிச்சிக்கினு? வாங்க, உள்ள நெழலா கீது."

இதையே தெலுங்கிலும் சொன்னார். சண்டைக்கு நின்ற இருவரும் முதலில் சிரித்தார்கள், பிறகு கூட்டமே சிரித்தது. ஒரு பெரியவர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்தக் குரலைக் கேட்டதுமே சின்னம்மா நின்றுவிட்டாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது, வலிக்கிறது என்று நான் உதறினேன். நாங்கள் தேடி வந்த ஆள் அவர்தான். கல்யாண வீடுகளில் மீசையும் தலைப்பாகையுமாக இரண்டு மூன்று தடவை பார்த்த சித்தப்பாவை அந்த மொழுக்கென்ற முகத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று.

அவரும் சின்னம்மாவைப் பார்த்துவிட்டார். கதையில் வந்துகொண்டிருந்த ராஜா பாதியில் நின்றுபோனார். அப்புறம் என்னவாயிற்று என்று கூட்டம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரி வந்தபோது ராஜா ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லி முடித்தார். ராணி மகால் பக்கம் போகும்போது சின்னம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ராஜா பூட்டாரு, சரி. ராணி இன்னா ஆனாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அத யாரும் எழுதி வெக்கலம்மா. ராஜா பண்ணது தப்புதான்."

"ராணி வந்து கூப்புட்டா ராஜா திரும்பி வந்துருப்பாரா?"

"வந்துருப்பாரு. வந்து பழையபடி ஒதை வாங்கிக்கினு கெடந்துருப்பாரு."

கூட்டம் மறுபடியும் சிரித்தது. சின்னம்மா அந்தச் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தத் திருத்தணி வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே ஏசுவார்களே தவிர, இப்படி யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? நைனா காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்ணன்களிடம் ஒப்படைத்துவிடுவார். சின்னம்மாவுக்கும் வாசற்படி திறக்கும்.

"அப்ப வேணாம். அவரு அங்கயே இருக்கட்டும்" என்றாள் சின்னம்மா. கொஞ்சம் பொறுத்து, "நல்லாச் சொல்றீங்க கதை" என்றாள்.

அவர் குனிந்தார். சுவரோரம் வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு பெரிய சீத்தாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் காசுக்கு விற்ற பழம்.

வேப்பமரத்தடிக்கு வந்தபோது நைனா அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். உள்ளே யாராவது இருந்தார்களா என்று கேட்டார். "வெறும் கட்டடம்தான் மாமா" என்றாள் சின்னம்மா. பழம் ஏது என்று அம்மா கேட்டாள். கதை சொல்கிற ஆள் சும்மா கொடுத்தார், சின்னம்மா அவரோடு பேசினாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா தங்கையைப் பார்த்தாள். சின்னம்மா குனிந்து எனக்குப் பழத்தைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மலை ஏறினோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சாமியைப் பார்க்காமல் போவதா? முடி எடுக்கிற இடத்தைத் தாண்டும்போது சின்னம்மா நின்றாள். "அக்கா, நான் முடி குடுக்கணும்" என்றாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அது. வாரிவிட எனக்கு மூன்று தடவை கை மாற்ற வேண்டும்.

அம்மா பதறிப்போனாள். "புருஷன் கெடச்சா குடுக்கறேன்னுதானேடி வேண்டிக்கின? கெடைக்கலியே, இன்னாத்துக்கு?"

"குடுக்கணும்க்கா."

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று திரும்பி, இன்னும் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்த நைனாவைச் சந்தனம் வாங்கி வரச் சொல்லித் துரத்தினாள். நாவிதர் முன்னால் சின்னம்மா குனிந்து உட்கார்ந்தாள். கொத்துக் கொத்தாக முடி மடியில் விழுந்தது. அழுதது அம்மாதான். முடிந்ததும் அந்த வெளுத்த மொட்டைத் தலையில் அம்மாவே சந்தனம் பூசினாள், ஒரு குழந்தைக்குப் பூசுகிற மாதிரி மெதுவாக.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்டதைக் கொடுக்காமலே முடியை வாங்கிக்கொண்டாரே, என்ன சாமி இவர்! சன்னிதியில் எல்லோரும் கோவிந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டபோது நான் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவரைக் கும்பிடாமல் நின்றேன்.