கட்டாரில் இருக்கும் பாஸ்வேர்ட்

போன வியாழக்கிழமை காலை பண்டாரவளையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கத்தான். பத்து நிமிட வேலை. வெளியே வரும்போது பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

ஸ்டூடியோவை நடத்துவது ரிஹானா. கணவர் நவாஸ் கட்டாருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளுக்குக் கேமராவோடு போவது, அல்பம் போடுவது எல்லாம் இப்போது ரிஹானாதான். நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பித்தவன். அது ஊருக்கே தெரியும். தப்பவா முடியும்?

உள்ளே ஏற்கெனவே ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் ராஜேஸ்வரி. பூனாகலை தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்.

"எங்கப்பா தவறிட்டாருங்க. ஞாயித்துக்கிழமை கருமாதி. வைக்க ஒரு படம் இல்ல."

படமே இல்லாமலில்லை. அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது. "அதுல முறைச்சுக்கிட்டு இருப்பாருங்க" என்றார். மூன்று வருடத்துக்கு முன் ராஜேஸ்வரியின் கல்யாணத்தைப் படம் எடுத்தது நவாஸ்தான். அந்த அல்பம், தோட்டத்து லய வீட்டின் கூரைத் தகரம் காற்றில் பறந்த அன்று மழையில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போனது.

"ஒங்ககிட்ட இருக்கும்லங்க?"

இருந்தது. மேசைக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில். பழைய கல்யாணங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கறுப்பு பேக்கப் பெட்டி. பச்சை விளக்குகூட எரிகிறது. ஆனால்...

"போன மாசம் கொம்பியூட்டரும் ரவுட்டரும் புதுசா மாத்தினேன் சேர். அண்டைக்கு இருந்து பெட்டி ஸ்கிரீன்ல தெரியுதே இல்ல" என்றார் ரிஹானா.

விஷயம் சின்னது. பழைய ரவுட்டரின் வரிசைப்படி நவாஸ் அந்தப் பெட்டிக்கு ஒரு நிரந்தர ஐபி இலக்கம் கொடுத்திருந்தார். புது ரவுட்டர் வேறு வரிசையில் இலக்கம் கொடுக்கிறது. ஒரே கடைக்குள் இருந்துகொண்டே பெட்டியும் கொம்பியூட்டரும் ஒன்றையொன்று காணவில்லை. நல்ல வேளை, பெட்டியின் அடியில் டேப் ஒட்டி அந்த இலக்கத்தை எழுதியிருந்தார். கொம்பியூட்டரைக் கேபிளால் நேரே பெட்டியோடு இணைத்து, அதற்கும் பழைய வரிசையிலேயே ஓர் இலக்கம் கொடுத்தேன். பெட்டி பேசியது. பேசிய முதல் வார்த்தை – பாஸ்வேர்ட்?

இலக்கத்தை டேப்பில் எழுதிய மனிதர் இதை எழுதவில்லை. பழைய கொம்பியூட்டர் அதைத் தானே ஞாபகம் வைத்திருந்ததால் இதுவரை யாருக்கும் தேவைப்படவுமில்லை.

ரிஹானா வட்ஸ்அப்பில் கட்டாருக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"டியூட்டில ஈக்கிறேன். அதுல கை வெக்க வேணாம். பெருநாளைக்கு வந்து நான் பார்க்கிறேன்." கட்.

இரண்டாவது அழைப்பு. "பாஸ்வேர்ட் எல்லாம் போன்ல செல்ல ஏலாது. செக்யூரிட்டி விளங்குதா?" கட்.

ராஜேஸ்வரி குடையைக் கை மாற்றிப் பிடித்தார். பெருநாள் வரைக்கும் கருமாதி காத்திருக்குமா? நான் சுவரில் இருந்த மணப்பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

மூன்றாவது தடவை ரிஹானா சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கல்யாண வீட்டுக்குக் கேமரா தூக்குறது நான். கொம்பியூட்டர் மாத்தினது நான். ஆள்கள் வந்து கேட்டா பதில் செல்றதும் நான். பாஸ்வேர்ட் மட்டும் கட்டார்லயா?"

கட்டாரில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"...மறந்துட்டேன் ரிஹானா."

"எப்ப?"

"போன நோம்புக்கு முந்தி."

கிட்டத்தட்ட ஒரு வருடம்! சாவி தொலைந்துபோன கதவுக்கு ஒரு மனிதர் கடல் கடந்து காவல் நின்றிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நம் வீடுகளில் அதிகாரம் என்று நாம் பிடித்துக்கொண்டிருக்கும் பல விஷயங்கள் இப்படித்தானே? தெரியாது என்று சொல்வதைவிடத் தர மாட்டேன் என்று சொல்வது சுலபம்.

பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் ஒரு துளை உண்டு. நாலு செக்கன் அழுத்தினால் பாஸ்வேர்டும் இலக்கமும் அழியும், படங்கள் அப்படியே இருக்கும். அதற்கு மேல் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பெட்டியைச் செய்த கம்பெனி இணையத்தில் போட்டிருந்த கைநூல் அப்படித்தான் சொன்னது. ரிஹானா தலைச் சால்வையிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றித் தந்தார். நான் அழுத்த, மூன்று பேரும் சத்தமாக எண்ணினோம். நாலில் பெட்டி 'பீப்' என்றது. கையை வெடுக்கென்று எடுத்தேன்.

கேபிளைப் புது ரவுட்டரில் செருகினேன். பெட்டி புது இலக்கம் வாங்கிக்கொண்டு கொம்பியூட்டரில் வந்து நின்றது. ரிஹானா அந்தக் கல்யாணத்துப் போல்டரைத் திறந்தார். பந்தியில், பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெரியவர். யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை.

ராஜேஸ்வரி திரைக்குக் கிட்டே குனிந்து, "இதாங்க எங்கப்பா" என்றார்.

"பின்னால நீலம் போட்டு, கோட்டு ஒண்டும் போட்டுத் தரவா?" என்று கேட்டார் ரிஹானா. இறந்தவர்களுக்கு அப்படித்தான் கேட்பார்கள்.

"வேணாங்க. எங்கப்பா கோட்டே போட்டதில்ல. பல்லும் அப்படியே இருக்கட்டும்."

பெரிதாக்கிய படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகும் எனக்கு வேலை இருந்தது. புது பாஸ்வேர்டை ரிஹானா தானே அடித்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன். இரண்டாவது பாதுகாப்புக்கான குறியீடு எந்த போனுக்கு வரவேண்டும் என்று பெட்டி கேட்டது. தன் போன் இலக்கத்தைக் கொடுத்தார். கடைசியாக நவாஸுக்கும் ஒரு கணக்குத் திறந்தோம். அவருக்கு என்ன அனுமதி என்று பெட்டி கேட்டது. எல்லாம் செய்யலாமா? பார்க்க மட்டுமா?

ரிஹானா யோசித்தார்.

"இப்பதைக்குப் பார்க்கட்டும் சேர். மிச்சத்தைப் பெருநாளைக்கு வந்தா பேசுவோம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் பெருந்தன்மையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் சொன்னாள்: "மூணாவது பிழைங்க. போன மாசமே மாத்திட்டேன்."